இணைப்பைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பவர் யார்? ஆரக்கிளில் டெடிகேட்டட், ஷேர்டு, பூல்: ஓர் ஒப்பீடு

மொரீஷியஸில் டிசம்பர் என்றால் பதின்மூன்றாம் மாதச் சம்பளம். சட்டப்படி வரும் அந்தப் பணம் கைக்குக் கிடைத்த வாரத்தில் போர்ட் லூயிக் கடைத்தெருக்களில் கால் வைக்க இடம் இருக்காது. எபென் சைபர் சிட்டியில் உட்கார்ந்து ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்கிற எனக்கு அந்த வாரத்தின் நினைவு வேறு. காலை ஒன்பதரைக்கெல்லாம் கிளைகளிலிருந்து தொலைபேசி வரத் தொடங்கும். பில் போட முடியவில்லை என்பார்கள். திரையில் ஆரக்கிள் தரவுத்தள மென்பொருளின் பிழை எண் ஓ.ஆர்.ஏ.-12519 இருக்கும், அல்லது 12520. ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவர்கள் நிம்மதியாக வேலை செய்துகொண்டிருப்பார்கள். புதிதாக நுழைபவர்களுக்குத்தான் கதவு திறக்காது.

என்னுடன் வேலை பார்க்கும் இளைஞர் இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் பேசுவது கிரியோல். தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது. அதனால் அவர் வாயில் வருவதெல்லாம் பாடப்புத்தகத் தமிழ். திருநெல்வேலிக்காரனான எனக்கே அதைக் கேட்டால் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். அன்று அவர் சொன்னார்: "ஐயா, ஷேர்டு சர்வருக்கு மாறிவிடலாம். ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும்."

ஒரே ஒரு வரி என்பது பொய்யில்லை. அந்த ஒரு வரியை எழுதி, அதன் பலனை அனுபவித்து, பாதியை அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் நாங்கள் எங்கே வந்து நின்றோம் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். இதே முடிவை எடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு இரண்டு வாரமாவது மிச்சமாகலாம்.

முதலில் அந்தப் பிழையைப் புரிந்துகொள்ள வேண்டும். 12519, 12520, 12516 ஆகிய மூன்றையும் சொல்வது லிசனர்; இணைப்பு கேட்டு வருபவரை வாசலில் வரவேற்றுத் தரவுத்தளத்திடம் ஒப்படைக்கும் நிரல். "உன்னை ஒப்படைக்க என்னிடம் ஆள் இல்லை" என்பதே மூன்றின் சாரமும். பெரும்பாலான நேரங்களில் காரணம், தரவுத்தளத்தின் புராசஸ் (சர்வரில் ஓடும் தனி இயக்கம்) எண்ணிக்கை வரம்பைத் தொட்டுவிட்டது அல்லது தொட்டுவிட்டதாக லிசனர் நினைக்கிறது. இதில் இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. தரவுத்தளம் தன் நிலவரத்தை லிசனருக்கு விட்டுவிட்டுத்தான் சொல்கிறது. இடைப்பட்ட நேரத்தில் உள்ளே அனுப்பியவர்களை லிசனர் தானே எண்ணிக்கொள்கிறது, வெளியே போனவர்களை அதற்குத் தெரியாது. நீங்கள் உள்ளே போய்ப் பார்க்கும்போது இடம் காலியாக இருக்கும். வாசலில் இருப்பவரோ நிரம்பிவிட்டது என்று அடம்பிடிப்பார்.

இதற்கு மிக மலிவான மருந்து, புராசஸ் வரம்பை உயர்த்துவது. ஒரு முறை தரவுத்தளத்தை நிறுத்தித் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். நினைவகம் தாராளமாக இருக்கும் இடத்தில் இதைச் செய்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். இந்தக் கட்டுரையை மேலே படிக்கவே வேண்டாம். எங்கள் சர்வரில் 32 ஜி.பி. நினைவகம், அதில் பெரும்பகுதி ஏற்கெனவே பேசி முடிக்கப்பட்டது. வரம்பை இருமடங்காக்கினால் டிசம்பரில் சர்வர் டிஸ்கை நினைவகமாக்கி மூச்சிரைக்கத் தொடங்கும் என்பது எனக்குத் தெரிந்தது. அதனால்தான் அந்த இளைஞரின் யோசனைக்குக் காது கொடுத்தேன்.

டெடிகேட்டட் என்பது ஆரக்கிளின் இயல்பான வழி. ஒருவர் நுழைந்தால் அவருக்கென்று ஒரு புராசஸ் பிறக்கிறது. அவர் போகும்வரை அது அவருக்கு மட்டுமே. லிசனரின் வேலை வாசலோடு சரி. ஒப்படைத்த பிறகு லிசனரையே நிறுத்திவிட்டாலும் உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. இந்த எளிமைக்கு நான் பெரிய மதிப்பு வைத்திருக்கிறேன். சர்வரில் ஏதோ ஒரு புராசஸ் சி.பி.யு.வைத் தின்கிறது என்றால் அதன் எண்ணை வைத்து, எந்தக் கிளை, எந்தப் பயனர், எந்தக் கேள்வி என்று இரண்டு நிமிடத்தில் பிடித்துவிடலாம். இரவு இரண்டு மணிக்கு இதன் அருமை தெரியும்.

ஷேர்டு சர்வர் பழைய சரக்கு. 1992இல் வந்த ஆரக்கிள் 7இல் மல்ட்டி திரெடட் சர்வர் என்ற பெயரில் பிறந்து, 9ஐ பதிப்பில் இப்போதைய பெயரைப் பெற்றது. நினைவகம் தங்கத்தின் விலை விற்ற காலத்தில் வந்த யோசனை. இதை அந்த இளைஞருக்கு விளக்கத் தைப்பூசப் பந்திதான் எனக்குக் கை கொடுத்தது. இங்கே காவடி முடிந்ததும் கோயிலில் வாழை இலை போட்டு ஏழு கறிச் சாப்பாடு நடக்கும். ஒவ்வொரு இலைக்கும் பின்னால் ஓர் ஆளை நிறுத்தினால் அது டெடிகேட்டட். சாப்பிடுபவர் ஒரு கவளத்தை மென்றுகொண்டிருக்கும் நேரமெல்லாம் அந்த ஆள் வாளியோடு சும்மா நிற்பார். உண்மையான பந்தியில் அப்படி யாரும் செய்வதில்லை. வரிசைக்கு ஒருவர் கண் வைத்துக்கொள்வார். எந்த இலையில் கை உயர்ந்தாலும் கையோய்ந்த ஒருவரை அங்கே அனுப்புவார். அந்தக் கண் வைக்கிறவர் டிஸ்பாட்சர். பரிமாறுகிறவர்கள் ஷேர்டு சர்வர்கள். இணைப்பு டிஸ்பாட்சரிடம் இருக்கும். வேண்டுகோள் ஒரு பொது வரிசையில் சேரும். ஓய்வாக இருக்கும் சர்வர் அதை எடுத்து முடித்து, பதிலை அந்த டிஸ்பாட்சரின் வரிசையில் போடும்.

மூன்றாவது வழி டி.ஆர்.சி.பி.; தரவுத்தளத்திலேயே இருக்கும் இணைப்புக் குளம். 11ஜி பதிப்பில் வந்தது. இதில் இணைப்பு கேட்டு வருகிறவருக்குக் குளத்திலிருந்து ஒரு முழு சர்வர் புராசஸ் கிடைக்கும். அது அவர் கையில் இருக்கும்வரை கிட்டத்தட்ட டெடிகேட்டட் போலவே நடந்துகொள்ளும். வேலை முடிந்து அவர் விட்டுவிட்டால் குளத்துக்குத் திரும்பும். நான்காவது, தரவுத்தளத்துக்கு வெளியே, பயன்பாட்டுச் சர்வரிலேயே குளம் வைத்துக்கொள்வது. ஜாவாவில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள். தரவுத்தளம் டெடிகேட்டடாகவே இருந்துவிடும்.

நினைவகத்தை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. ஆரக்கிளின் ஆவணத்தில் ஒரு மாதிரிக் கணக்கு இருக்கிறது: 5000 இணைப்புகள், ஒரு செஷனுக்கு (இணைந்திருக்கும் ஒருவரின் அமர்வு) 400 கே.பி., ஒரு சர்வர் புராசஸுக்கு 4 எம்.பி., ஷேர்டு சர்வரிலும் குளத்திலும் 100 புராசஸ்கள். டெடிகேட்டட் வழியில் 22 ஜி.பி. போகும். ஷேர்டு வழியில் 5000 செஷன்களுக்கு 2 ஜி.பி.யும் 100 புராசஸ்களுக்கு 400 எம்.பி.யும் ஆகும். டி.ஆர்.சி.பி. வழியில் மொத்தமே 615 எம்.பி.; ஏனென்றால் சும்மா இருக்கும் இணைப்புக்கு அங்கே 35 கே.பி. மட்டுமே செலவு. இந்த மூன்று எண்களைப் பார்த்த யாரும் மூன்றாவதைத்தான் கைகாட்டுவார்கள். நானும் அப்படித்தான் முதலில் கைகாட்டினேன்.

அந்த எண்களுக்கு அடியில் ஓர் அனுமானம் படுத்திருக்கிறது: வேலை முடிந்ததும் பயன்பாடு இணைப்பை விட்டுவிடும் என்பது. எங்கள் பில்லிங் மென்பொருள் பதினைந்து வருடத்துக்கு முந்தைய டெஸ்க்டாப் நிரல். எழுதியவர்கள் இப்போது தொழிலிலேயே இல்லை. மூல நிரலும் இல்லை. காலையில் கடை திறக்கும்போது இணைந்தால் மாலையில் ஷட்டரை இறக்கும்போதுதான் துண்டிக்கும். இடையில் கல்லாக்காரர் தேநீர் குடிக்கப் போனாலும் இணைப்பு அவர் பெயரிலேயே இருக்கும். இப்படிப்பட்ட நிரலை டி.ஆர்.சி.பி.யில் விட்டால், குளத்தின் இயல்பான உச்சவரம்பான 40 சர்வர்களை முதலில் கடை திறந்த 40 பேர் எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் வாசலில் நிற்க வேண்டியதுதான். எடுத்தவர் சும்மா இருந்தால், இயல்பான கெடுவான இரண்டு நிமிடத்தில் குளம் அவரைத் துண்டித்தும் விடும். பயன்பாட்டுச் சர்வர் குளமும் இங்கே பேச்சுக்கே இல்லை. நடுவில் வைக்கப் பயன்பாட்டுச் சர்வரே கிடையாது. 23ஏஐ பதிப்பில் பரிவர்த்தனை முடிந்ததும் குளமே இணைப்பைத் தானாகப் பிரித்துக்கொள்ளும் வசதி வந்திருக்கிறது. அதற்கு முந்தைய 19சி பதிப்பை வைத்திருக்கும் எங்களுக்கு அது இன்னும் அடுத்த வீட்டுச் சமையல்.

ஆகவே எந்த வழி குறைந்த நினைவகம் எடுக்கும் என்ற கேள்வியை ஓரம் வைத்துவிட்டு வேறு இரண்டைக் கேட்டோம். இணைப்பைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பவர் யார்? அவருடைய நிரலை நம்மால் மாற்ற முடியுமா?

முதல் கேள்விக்குத் தரவுத்தளமே பதில் சொல்லும். செஷன்களைக் காட்டும் பட்டியலில் கடைசி அழைப்பிலிருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்று ஒரு நெடுவரிசை உண்டு. அதை நிரல்வாரியாகக் கூட்டிப் பார்த்தால் போதும். எங்களிடம் பகல் பதினோரு மணிக்குப் பில்லிங் நிரலின் பெயரில் நானூற்றுக்கு மேற்பட்ட செஷன்கள். அவற்றில் அந்தக் கணத்தில் ஏதாவது செய்துகொண்டிருந்தவை இருபதுக்கும் குறைவு. இரவு நேரக் கையிருப்புக் கணக்கு நிரலுக்கு நான்கே செஷன்கள்; நான்கும் மணிக்கணக்கில் உழைப்பவை. பி.எச்.பி.யில் எழுதிய ஆர்டர் இணையதளம், பக்கத்துக்குப் பக்கம் இணைந்து துண்டிக்கும். ஒரே தரவுத்தளம், மூன்று குணம். எல்லோருக்கும் ஒரே வழி என்று முடிவெடுத்ததுதான் முதல் தவறு என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. டிஸ்பாட்சர்களைத் தொடங்கச் சொல்லும் அந்த ஒரே வரியை எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதிவிட்டோம்.

ரொட்ரிக்ஸ் மட்டும் ஏன் பேசவில்லை

காவடி நாளும் சீனர்களின் வசந்த விழாவும் இங்கே அரசு விடுமுறை. காவடியன்று சர்வரைத் தொடலாம் என்று மேலிடத்தில் ஒரு யோசனை வந்தது. அதற்கு நான் உடன்படவில்லை. வசந்த விழா நாளில் மாற்றினோம். மறுநாள் போர்ட் லூயி, ரோஸ் ஹில், கியூர்பிப் எல்லாம் நன்றாக வேலை செய்தன. மொரீஷியஸுக்கு உட்பட்ட ரொட்ரிக்ஸ் தீவில் போர்ட் மாத்துரின் கிளை மட்டும் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று தொங்கிவிட்டுக் காலம் கடந்தது என்ற 12170 பிழையோடு விழுந்தது.

எல்லோரும் கேபிளைக் குறை சொன்னார்கள். ரொட்ரிக்ஸுக்கு 2019இல் மார்ஸ் என்ற கடலடிக் கேபிள் போய்ச் சேரும்வரை எல்லாமே செயற்கைக்கோள் வழிதான். அந்த நாள்களின் பழக்கம், எது நின்றாலும் முதலில் கடலைப் பார்ப்பார்கள். ஆனால் கணினி எட்டுகிறதா என்று பார்க்கும் பிங் போனது. லிசனர் உட்காரும் 1521 போர்ட் (இணைப்பு வாசல் எண்) திறந்திருந்தது. லிசனரின் பதிவேட்டில் அந்தக் கிளையின் வேண்டுகோள் வந்ததாகவும் வெற்றிகரமாக அனுப்பிவைக்கப்பட்டதாகவும் பதிவு இருந்தது. அனுப்பிவைக்கப்பட்டவர் எங்கே போனார்?

இங்கேதான் ஷேர்டு சர்வரின் லிசனர் கணக்கு வேறாகிறது. எங்கள் கிளைகள் தட்டும் லிசனர், தரவுத்தளம் இருக்கும் கணினியில் இல்லை. பக்கத்துக் கணினியில் இருக்கிறது. டெடிகேட்டடாக இருந்தபோது அந்த லிசனர், வந்தவரைத் தரவுத்தளக் கணினியின் லிசனருக்கு, அதாவது அதன் 1521க்கு, திருப்பிவிடும். இரண்டு கணினிகளின் 1521உம் ஃபயர்வாலில் திறந்தே இருந்தன. ஷேர்டு ஆனதும் அதே லிசனர், வந்தவரை நேராக டிஸ்பாட்சரின் முகவரிக்குத் திருப்பிவிட்டது. டிஸ்பாட்சர் எந்தப் போர்ட்டில் உட்காரும்? நாம் சொல்லாவிட்டால், எழும்போது கிடைத்த ஏதோ ஒரு போர்ட்டில். பெரிய தீவின் கிளைகள் ஃபயர்வாலுக்கு உட்புறம். அவர்களுக்கு எந்தப் போர்ட்டும் ஒன்றுதான். ரொட்ரிக்ஸ் வெளிப்புறம். 1521ஐத் தாண்டி எதைத் தட்டினாலும் ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

லிசனரும் டிஸ்பாட்சரும் ஒரே கணினியில் இருந்தால், முடிந்தவரை லிசனர் இணைப்பைக் கைமாற்றிக் கொடுத்துவிடும், திருப்பிவிடல் நடக்காது. அதனால்தான் சோதனைக் கணினியில் எங்களுக்கு இது தெரியவே இல்லை. அங்கே எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருந்தன.

தீர்வு, டிஸ்பாட்சர்களுக்கு நிலையான முகவரி கொடுப்பது. நான்கு டிஸ்பாட்சர்கள் என்றால் நான்கு முகவரிகள், 5501 முதல் 5504 வரை, ஒவ்வொன்றிலும் டிஸ்பாட்சர் எண்ணிக்கை ஒன்று என்று எழுத வேண்டும். ஒரே போர்ட்டைக் கொடுத்து எண்ணிக்கையை நான்கு என்றால் ஒன்றுதான் உட்கார இடம் இருக்கும். ஃபயர்வாலில் நான்கையும் திறந்தோம். உடனே வேறொரு பிழை, 12545: கணினிப் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. டிஸ்பாட்சர் தன் முகவரியாகச் சொன்னது சர்வரின் உள்பெயரை; அந்தப் பெயர் ரொட்ரிக்ஸ் கணினிகளுக்குத் தெரியாது. முகவரியில் ஐ.பி. எண்ணையே எழுதினோம். கிளை மேலாளர் தொலைபேசியில் "வந்துவிட்டது, வந்துவிட்டது" என்று கத்தியபோது எங்கள் இளைஞர் சொன்னது: "ஐயா, ஒரு வரி இப்போது நான்கு வரி ஆகிவிட்டது."

இதை நீங்கள் முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரே ஒரு கட்டளை போதும். லிசனர் கன்ட்ரோல் கருவியில் ஸ்டேட்டஸ் பார்ப்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அது சேவையின் பெயரையும் (கிளைகள் தரவுத்தளத்தை அழைக்கும் பெயர்) கையாளுபவர்களின் எண்ணிக்கையையும் சொல்வதோடு சரி. சர்வீசஸ் என்று கேட்டால் ஒவ்வொரு சேவைக்கும் கீழே யார் யார் கையாளுகிறார்கள் என்று விரியும். டெடிகேட்டட் என்று ஒரு வரி. டிஸ்பாட்சர்கள் இருந்தால் டி000, டி001 என்று வரிகள். ஒவ்வொரு வரியிலும் இதுவரை ஏற்றவை, மறுத்தவை, இப்போது இருப்பவை, அதிகபட்சம் என்ற எண்கள் வரும். எங்களிடம் அதிகபட்சம் 1022 என்று இருந்தது. அதற்குக் கீழேயே டிஸ்பாட்சரின் முகவரியும் போர்ட்டும். அந்த முகவரியைக் கிளைக் கணினியிலிருந்து தொட முடிகிறதா என்று பார்த்திருந்தால் எங்களுக்கு அந்தக் காலை மிச்சமாகியிருக்கும்.

டி வரிகளே இல்லையென்றால் டிஸ்பாட்சர் அந்த லிசனரிடம் பதிவாகவில்லை என்று பொருள். இதற்குப் பல வாசல்கள். லிசனர் 1521இல் இல்லாமல் வேறு போர்ட்டில் ஓடினால், லோக்கல் லிசனர் அளவுருவில் அதைச் சொல்லாதவரை தரவுத்தளத்துக்குத் தெரியாது. வேறு கணினியில் இருந்தால் ரிமோட் லிசனர் அளவுருவில் சொல்ல வேண்டும். அதோடு 12சி பதிப்பு முதல், வெளிக் கணினியிலிருந்து வரும் பதிவை லிசனர் தானாக ஏற்காது. அழைக்கப்பட்டவர் பட்டியலில் தரவுத்தளக் கணினியைச் சேர்த்தால்தான் உள்ளே விடும். லிசனரை இப்போதுதான் மறுதொடக்கம் செய்தீர்கள் என்றால் ஒரு நிமிடம் வரை, கேட்ட சேவை தெரியாது என்ற 12514 வருவது இயல்பு. ரெஜிஸ்டர் கட்டளை கொடுத்தால் உடனே சரியாகும். அந்த ஒரு நிமிடத்துக்குள் பதறி இன்னும் மூன்று கோப்புகளைத் திருத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அவர்களில் ஒருவன்.

லிசனர் கோப்பில் கையால் எழுதி வைக்கும் நிலையான பதிவும் ஒரு வலை. அதன் நிலை அன்நோன் என்று வரும். அது டெடிகேட்டட் இணைப்பை மட்டுமே தரும்; அதை வைத்துக்கொண்டு ஷேர்டு ஏன் வரவில்லை என்று தேடினால் விடியும்வரை தேடலாம்.

இன்னொன்று, சத்தமே போடாத கோளாறு. வருகிறவர் எந்த வகைச் சர்வர் வேண்டும் என்று குறிப்பிடாமல் வந்து, டிஸ்பாட்சர் எதுவும் பதிவாகாமல் இருந்தால், லிசனர் அவரை டெடிகேட்டடாக உள்ளே அனுப்பிவிடும். பிழை வராது, எல்லாம் சரி என்று நினைப்பீர்கள், டிசம்பரில் தெரியும். அதனால் சோதிக்கும்போது மட்டும் இணைப்பு வரியில் ஷேர்டு என்று வெளிப்படையாக எழுதுங்கள். ஆள் இல்லையென்றால் 12520 என்று முகத்துக்கு நேரே சொல்லும். செஷன் பட்டியலில் சர்வர் என்ற நெடுவரிசையில் நன் (NONE) என்று கண்டால் பயப்பட வேண்டாம். ஷேர்டு இணைப்பு, இப்போது சும்மா இருக்கிறது என்று அர்த்தம்.

தேநீர் குடிக்கப் போன கல்லாக்காரர்

லிசனர் சரியான பிறகு ஒரு மாதம் அமைதி. பிறகு ஒரு சனிக்கிழமை எல்லாக் கிளைகளும் ஒரே நேரத்தில் உறைந்தன. சர்வரில் சி.பி.யு. தூங்கிக்கொண்டிருந்தது. யாரும் எதுவும் செய்யவில்லை, எல்லோரும் காத்திருந்தார்கள்.

நடந்தது இதுதான். ஒரு கிளையில் ஒருவர் அதிகம் விற்கும் ஒரு சரக்கின் கையிருப்பு வரியைத் திருத்தத் திறந்து, மற்றவர் அதைத் திருத்தாதபடி தரவுத்தளம் போடும் பூட்டோடு அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். மற்றக் கிளைகளில் அதே சரக்கை பில் போட்டவர்கள் அந்தப் பூட்டுக்காகக் காத்தார்கள். டெடிகேட்டடில் இது அவரவர் பாடு. ஷேர்டில், காத்திருக்கும் ஒவ்வொரு வேண்டுகோளும் ஒரு ஷேர்டு சர்வரைக் கையோடு பிடித்துக்கொண்டு காத்திருக்கும். நாங்கள் உச்சவரம்பை 20 என்று வைத்திருந்தோம். இருபதும் மாட்டிக்கொண்டன. கடைசியில் அந்த மனிதர் திரும்பி வந்து சேமி பொத்தானை அழுத்தினார். அவருடைய வேண்டுகோளை எடுத்துக்கொள்ள ஒரு சர்வரும் இல்லை. பூட்டைத் திறக்கக்கூடியவர் வரிசையின் கடைசியில் நிற்கிறார். முன்னால் நிற்கும் எல்லோரும் அந்தப் பூட்டுக்காக நிற்கிறார்கள்.

நல்லவேளை, உச்சவரம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றக்கூடிய அளவுரு. உயர்த்திய கணமே புதிதாக ஒரு சர்வர் பிறந்து, அந்தச் சேமிப்பை முடித்து, முடிச்சு முழுவதும் அவிழ்ந்தது. அந்த அளவுருவை எழுதாமலே விட்டால், மொத்தப் புராசஸ் இடத்தில் எட்டில் ஒரு பங்கு மீதமிருக்கும்வரை ஆரக்கிள் தானாகவே சர்வர்களைப் பெருக்கிக்கொள்ளும். சிக்கனம் என்று நினைத்து நாங்கள் வைத்த இருபதுதான் எங்களைக் கட்டிப்போட்டது. இந்த அனுபவத்துக்குப் பிறகு என் கருத்து: பூட்டுகள் நீண்ட நேரம் நிற்கும் நிரல்களுக்கு ஷேர்டு சர்வரைக் கொடுத்தால் உச்சவரம்பைத் தாராளமாக வையுங்கள், அல்லது கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

வழியில் சந்தித்த சில்லறைகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஷேர்டு இணைப்பு வழியாகத் தரவுத்தளத்தை நிறுத்தவோ தொடங்கவோ முடியாது, 106ஆம் எண் பிழை வரும். ஆர்மேன் என்ற கருவியால் காப்பு எடுப்பதற்கும் டெடிகேட்டட்தான் வேண்டும். செஷனின் சொந்த நினைவகம் எஸ்.ஜி.ஏ. என்ற பொது நினைவகத்துக்குள் இடம் மாறுவதால் அதன் ஒரு பகுதியான லார்ஜ் பூலுக்குக் குறைந்தபட்ச அளவு ஒன்று எழுதி வையுங்கள்; இல்லாவிட்டால் நினைவகம் கிடைக்கவில்லை என்ற 4031 எங்கிருந்தோ எட்டிப் பார்க்கும். டிஸ்பாட்சர் அளவுருவைப் புதிதாக எழுதும்போது, நிறுவும்போதே அங்கே இருக்கும் எக்ஸ்.டி.பி. (ஆரக்கிளின் எக்ஸ்.எம்.எல். பகுதி) வரியை அழித்துவிடாதீர்கள். நாங்கள் அழித்தோம், உள்ளக அறிக்கைப் பக்கம் ஒன்று நின்றுபோய், அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று.

யாருக்கு எது

கையிருப்புக் கணக்கு நிரலை ஷேர்டில் விட்டது இன்னொரு பிழை. நான்கு நீண்ட வேலைகள் நான்கு பரிமாறுபவர்களைப் பந்தியிலிருந்து அழைத்துக்கொண்டு போய்விட்டன. பொது வரிசையில் சராசரிக் காத்திருப்பு எவ்வளவு என்று வரிசைப் பட்டியல் நூறில் ஒரு விநாடி அளவில் சொல்லும்; இரவில் அது ஏறியதைப் பார்த்தோம். அவற்றைப் பிரித்தாக வேண்டும். கிளைக் கணினிகள் ஒவ்வொன்றிலும் இணைப்பு வரியைத் திருத்துவதா என்று மலைத்து நின்றபோதுதான், டிஸ்பாட்சர் வரியில் சேவையின் பெயரையும் எழுதலாம் என்பது கண்ணில் பட்டது. எந்தச் சேவையின் பெயரை எழுதுகிறோமோ அதற்கு மட்டுமே டிஸ்பாட்சர் பதிவாகும். மற்றச் சேவைகளுக்கு வருகிறவர்கள் எதுவும் சொல்லாமலே டெடிகேட்டடாகப் போவார்கள். ஆவணத்தின் இரண்டாம் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. முதல் பக்கத்தோடு எழுந்துவிட்டோம்.

இப்போது எங்களிடம் மூன்று சேவைகள். பில்லிங் சேவைக்கு மட்டும் ஷேர்டு சர்வர். நூற்றுக்கணக்கில் இணைப்பு, பெரும்பாலும் சும்மா இருப்பவை, மாற்ற முடியாத நிரல் என்ற மூன்றும் ஒருசேர அமைந்ததால். மூன்றில் ஒன்று குறைந்தாலும் நான் இதைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டேன். கணக்கு, காப்பு, நிர்வாகம் எல்லாம் டெடிகேட்டட். ஆள் குறைவு, உழைப்பு அதிகம், கண்காணிப்பு எளிது. பி.எச்.பி. இணையதளத்துக்கு டி.ஆர்.சி.பி.; பக்கம் முடிந்ததும் விட்டுவிடுகிற நல்ல குணம் அதற்கு ஏற்கெனவே இருக்கிறது, இணைப்பு வரியில் பூல்டு என்று ஒரு சொல்லும் அமைப்புக் கோப்பில் ஒரு வகுப்புப் பெயரும் சேர்த்ததோடு வேலை முடிந்தது. இணையதளத்தை ஜாவாவில் எழுதியிருந்தால் இதைக்கூடத் தொட்டிருக்க மாட்டேன். பயன்பாட்டுச் சர்வரின் குளமே போதும்.

நிலவரத்தை இளைஞர் தினமும் காலை ஒன்பது மணிக்கு எடுத்து அனுப்புகிறார்: டிஸ்பாட்சர்கள் எவ்வளவு நேரம் வேலையில், எவ்வளவு நேரம் ஓய்வில், பொது வரிசையில் காத்திருப்பு, குளத்தில் காத்து நின்றவர்கள். டிஸ்பாட்சர் பாதி நேரத்துக்கு மேல் வேலையில் இருந்தால் இன்னொன்று சேர்க்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு, இதுவரை தேவைப்படவில்லை. போன டிசம்பரில் பில்லிங்கிலிருந்து ஒரே ஒரு தொலைபேசி வந்தது. எடுத்துப் பார்த்தால், அச்சு இயந்திரத்தில் தாள் தீர்ந்திருக்கிறது.

இன்னும் ஒரு வேலை பாக்கி. மாற்றுச் சர்வர் இருக்கும் இடத்தின் ஃபயர்வாலில் 5501 முதல் 5504 வரை திறக்க எழுதிக் கொடுத்திருக்கிறோம், ஒப்புதல் வரவில்லை. சூறாவளிக் காலம் தொடங்கும் நவம்பருக்கு முன் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மாற்றுச் சர்வருக்குத் தாவும் நாளில் ரொட்ரிக்ஸ் மறுபடியும் தொங்கும். புதிய பில்லிங் மென்பொருள் உலாவியில் ஓடக்கூடியதாக அடுத்த வருடம் வருகிறது என்கிறார்கள். வந்து, நிலைத்து, பழையது அணைக்கப்படும் அன்று அந்த நான்கு வரிகளையும் அழிப்பது யார் என்பதில் மட்டும் எங்கள் இருவருக்குள் இப்போதே போட்டி. எழுதியவர் அவர் என்பதால் அழிக்கும் உரிமையும் தனக்கே என்கிறார் இளைஞர், அதே பாடப்புத்தகத் தமிழில்.